சுவீடன் நாட்டு டர்போ கார்கள் இரண்டு
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழைய மோட்டார் கார்களைத் தேடிப் பெற்றுப் பேணுவோர் உலகெங்கும் உளர். அவர்கள் விரும்பும் சுவீடன் நாட்டுக் கார்கள் இரண்டினை ஈண்டு ஒப்பிட முற்படுகிறோம். ஒன்று சாப் 99 டர்போ. மற்றொன்று வால்வோ 240 டர்போ.

டர்போ என்பது யாது? எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகைக்கு விசை உண்டு. அவ்விசை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அச்சுழற்சி காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் எரிபொருள் மிகுதியாக எரியும், ஆற்றல் பெருகும். 1962-இல் இந்நாட்டிற்கு வந்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இரயில் எஞ்சினிலும் இம்முறையே உண்டு என்பதை இரயில்வே அன்பர்கள் அறிவர்.

சாப் 1937-இல் விமானம் கட்டுவதற்கெனத் தோன்றிய நிறுவனம். 99 டர்போவை அது 1977-இல் பிராங்பர்ட் கண்காட்சியில் வைத்தது. எஞ்சின் 1985 சி.சி.; ஆற்றல் 145 குதிரைத்திறன்; முன்சக்கரங்களே இழுக்கும். விரைவை நாடுவோர்க்கே உரியதாயிருந்த டர்போவைக் குடும்பத்தார் அன்றாடம் ஓட்டும் காருக்குக் கொணர்ந்தது இதன் பெருமை. 1979-இல் சுவீடன் ராலியில் ஸ்டிக் பிளோம்குவிஸ்ட் இக்காரை ஓட்டி வென்றார். உலக ராலிப் போட்டிகளில் டர்போ கார் ஒன்று பெற்ற முதல் வெற்றி அதுவே.

வால்வோ 240 டர்போ 1981-இல் வெளிவந்தது. எஞ்சின் 2127 சி.சி.; ஆற்றல் 155 குதிரைத்திறன்; பின்சக்கரங்கள் உந்தும். செங்கல்லை ஒத்த இதன் உருவைக் கண்டு நகைத்தோரும் 1985-இல் வாயடைத்தனர். அவ்வாண்டு ஐரோப்பியக் கார்ப்பந்தயப் பட்டத்தை இதுவே வென்றது.

இனிக் குறைகளைக் காண்போம். சாப்பில் கியர்பெட்டி எஞ்சினுக்கு அடியிலேயே அமைந்தது; டர்போவின் விசையைத் தாங்குவதில் அதுவே நலிந்த உறுப்பு. வால்வோவில் எஞ்சினைச் சூழ்ந்த மின்கம்பிகளின் மேலுறை நாளடைவில் பொடிந்து உதிரும். துருவோ இரண்டிற்கும் பொதுப்பகை.

எனினும் பெரிய வேற்றுமை பிறிதொன்று. விமானம் கட்டும் சாப் இன்றும் உளது. கார் செய்த சாப் 2011 டிசம்பரில் நொடித்து வீழ்ந்தது. வால்வோவோ இன்றும் கார் செய்து வருகிறது. அன்றியும் 240 வரிசையில் 1974 முதல் 1993 வரை 28 இலட்சத்திற்கும் மேற்பட்ட கார்கள் பிறந்தன. ஆதலின் அதன் உறுப்புகளைத் தேடுவது எளிது. 99 டர்போ அரியது. அதற்கே உரிய உறுப்புகள் அதனினும் அரியன.

ஆகவே, அருமையும் வரலாறும் வேண்டுவோர் சாப்பை நாடலாம். நாளும் ஓட்டி மகிழ விழைவோர்க்கு வால்வோவே ஏற்றது. நம்மைக் கேட்பின் வால்வோ என்போம். வாங்கும் விலையை ஒருமுறை கொடுத்தால் போதும். பேணும் விலையை ஆண்டுதோறும் கொடுத்தாக வேண்டும். விரைந்தோடி வந்த டர்போ காரை உடனே நிறுத்தாது, சிறிது நேரம் மெல்ல ஓடவிட்டுச் சூடு தணிந்தபின் அணைத்தல் வேண்டும். அத்துணைப் பொறுமையும் இல்லாதார் கையில் எக்காரும் நிலைக்காது. கொட்டகையில் பூட்டி வைத்த அரிய பொருளினும், பேணுவார் கையில் ஓடுகின்ற எளிய பொருளே உயிருள்ளது.