உண்ணியைப் பிடுங்கி எங்கே போடுறீங்க?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கறவை மாடு பராமரிப்பு’. கொடுத்த நேரத்தில் மாடு பராமரிப்பு முழுசும் பேச முடியாது. தீவனம் பற்றி அடுத்து வர்ற அக்கா பேசுவாங்க. நான் ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கிறேன். உண்ணி.

சிரிக்கிறீங்க. உண்ணியைப் பத்திப் பேச மேடை எதுக்குன்னு தோணும். ஆனா நம்ம வள்ளூர்லயும் சுத்துப்பட்டு ஊர்கள்லயும் குழுக் கடன்ல மாடு வாங்கினவங்க எத்தனை பேர்னு நோட்டைப் பாருங்க. மாடு செத்துப்போனாலும் தவணை சாகாது. அந்த மாட்டைச் சாகடிக்கிற காய்ச்சலைக் கொண்டு வர்றது இந்த உண்ணிதான்.

ஒரு கேள்வி கேக்கறேன். சாயங்காலம் மாட்டைத் தடவிக் கொடுத்துக்கிட்டே காது மடல்ல, வால் அடியில, மடி ஓரத்துல இருக்கிற உண்ணியை எல்லாரும் பிடுங்குறோம். பிடுங்கி எங்கே போடுறீங்க? பாதிப் பேர் கீழே போடுவோம். மீதிப் பேர் நகத்தால நசுக்குவோம், இல்லன்னா கல்லு மேல வச்சுத் தேய்ப்போம். இந்த ரெண்டைப் பத்தியும் சொல்லத்தான் வந்திருக்கேன்.

ரத்தம் குடிச்சு ஆமணக்கு விதை மாதிரி உப்பிப்போய் இருக்கிறது பொம்பள உண்ணி. அது தானாகவே கீழே விழத்தான் காத்துக்கிட்டு இருக்கு. விழுந்ததும் தரை வெடிப்பு, சுவர் இடுக்கு, சாணிக்குப்பை ஓரம்னு நிழலான இடமாப் பார்த்து ஒதுங்கி முட்டை போடும். சாதாரண மாட்டு உண்ணி ஒண்ணு 2,000, 3,000 முட்டை வரைக்கும் போட்டுட்டுச் செத்துடும். பொரிச்சு வர்ற குஞ்சு கடுகை விடச் சின்னது, ஆறு கால்தான் இருக்கும். வளர்ந்தா எட்டுக் கால். அது பூச்சி இனம் இல்லை, சிலந்தியோட சொந்தக்காரன். புல் நுனியில ஏறி உட்கார்ந்து மாடு எப்ப உரசும்னு காத்துக் கிடக்கும். அப்போ நாம பிடுங்கிக் கீழே போட்டா அதுக்கு வேலையை மிச்சம் பண்ணிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

உண்ணி வெறும் ரத்தம் குடிக்கிறதோட விட்டா நமக்குப் பாலில் கொஞ்சம் நட்டம், அத்தோடு போயிடும். அது எச்சில் வழியா கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியை மாட்டு ரத்தத்துக்குள்ள அனுப்புது. இதை உலகத்துல முதன்முதலா எப்படிக் கண்டுபிடிச்சாங்கங்கிற கதை பயிற்சியில கேட்டதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்திலிருந்து மாடுகளை வடக்கே ஓட்டிப் போவார்கள். ஓட்டிப் போற மாடு நல்லாத்தான் இருக்கும். அது நடந்துபோன வழியில் மேய்ஞ்ச வடக்கத்தி மாடுங்க காய்ச்சல் வந்து கும்பல் கும்பலாச் சாகும். மாடு வளர்க்கிறவங்க, ‘உண்ணிதான் காரணம்’னு சொன்னாங்க. படிச்சவங்க அதை நம்பலை. தியோபால்ட் ஸ்மித்னு ஒரு டாக்டர், கில்போர்ன்னு ஒரு கால்நடை டாக்டர், ரெண்டு பேரும் 1889-ல் வாஷிங்டன் பக்கத்தில் அரசாங்கப் பண்ணையில் சோதனை பண்ணிப் பார்த்தாங்க. ஒரு வேலிக்குள்ள உண்ணியோடு இருக்கிற தெற்கத்தி மாட்டையும் வடக்கத்தி மாட்டையும் சேர்த்து விட்டாங்க. இன்னொரு வேலிக்குள்ளயும் அதே மாதிரிதான், ஆனா தெற்கத்தி மாட்டு மேல இருந்த உண்ணியை ஒண்ணு விடாமக் கையால பிடுங்கிட்டாங்க. நாம சாயங்காலம் செய்யற அதே வேலை! முதல் வேலியில வடக்கத்தி மாட்டுக்குக் காய்ச்சல் வந்தது. ரெண்டாவதுல வரவே இல்லை. மூணாவதா, தெற்கத்தி மாடே இல்லாத நிலத்தில் வெறும் உண்ணியை மட்டும் தூவி விட்டாங்க. அங்கேயும் காய்ச்சல் வந்தது. முட்டையிலிருந்து தனியாப் பொரிக்க வச்ச குஞ்சு உண்ணியை மாட்டு மேல விட்டாலும் காய்ச்சல் வந்தது. அதாவது, தாய் உண்ணிகிட்ட இருக்கிற நோய் முட்டை வழியா குஞ்சுக்கும் போகுது. 1893-ல் இதைப் புத்தகமா வெளியிட்டாங்க.

மலேரியாவைக் கொசு பரப்புதுன்னு நமக்கெல்லாம் தெரியும். நம்ம நாட்டுல, செகந்திராபாத்துல, ரொனால்ட் ராஸ் கொசு வயித்துக்குள்ள மலேரியாக் கிருமியைப் பார்த்தது 1897 ஆகஸ்ட் 20-ல். உண்ணி விஷயம் அதுக்கும் நாலு வருஷம் முன்னாடி. மாடு வளர்க்கிறவங்க சொன்னது சரின்னு ஆன கதை இது, அதனாலதான் விரிவாச் சொன்னேன்.

இப்போ நம்ம கொட்டாய்க்கு வருவோம். டெக்சாஸ் மாட்டுக்கு வந்த வகைக் காய்ச்சலில் மூத்திரம் காபி நிறத்துல போகும். பேபீசியோசிஸ்னு பேர். காபி நிற மூத்திரம் வேற காரணத்தாலும் வரலாம், அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும். இன்னொன்று தைலேரியோசிஸ். ஜெர்சி, எச்.எஃப். கலப்பு மாடு வச்சிருக்கிறவங்க இந்தப் பேரை மனசுல வச்சுக்கணும். நாட்டு மாடு ஓரளவு தாங்கும், கலப்பு மாடு தாங்காது. இதைப் பரப்புற உண்ணி வேற ஜாதி. கால் நீளமா, பட்டை பட்டையா இருக்கும். ஒரு மாட்டுல குடிச்சுட்டு இறங்கி, சுவர் வெடிப்புல ஒளிஞ்சு வளர்ந்து, அப்புறம் இன்னொரு மாட்டுல ஏறும். அதனால இதுக்கு மாட்டை விடக் கொட்டாய்தான் முக்கியம்.

எங்க குழுவில் ஒரு அக்காவோட கலப்பு மாடு, கன்னு போட்டு 20 நாள் இருக்கும். காய்ச்சல் கொதிச்சது. ஒருத்தர் வந்து காய்ச்சல் ஊசி போட்டார், அடுத்த நாள் இறங்குச்சு, அதுக்கடுத்த நாள் மறுபடி ஏறிடுச்சு. திருஷ்டி சுத்திப் போட்டாங்க. நாலாவது நாள் தோள்பட்டைக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. கண்ணுக்குள்ள வெளுத்துப்போய், மூச்சு வாங்குச்சு. அப்புறம் வந்த கால்நடை டாக்டர் அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்த்ததுமே காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில தடவிப் பரிசோதனைக்கு அனுப்பினார். தைலேரியா. அதுக்குன்னே இருக்கிற பூபார்வகோன் ஊசி போட்டார். மாடு பிழைச்சது. ஆனா 9 லிட்டர் கறந்த மாடு அந்த ஈத்து முழுக்க 4 லிட்டரைத் தாண்டலை. தவணையை அந்த அக்கா எப்படிக் கட்டினாங்கன்னு எங்க குழுவுக்குத் தெரியும்.

அதனால காய்ச்சல் வந்தா தோள்பட்டைக்கு முன்னாடி தடவிப் பாருங்க. கட்டி இருந்தா டாக்டர்கிட்ட முதல்ல அதைச் சொல்லுங்க. ‘ரத்தம் எடுத்துப் பாருங்க சார்’னு கேளுங்க, தப்பே இல்லை. கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962, எல்லாரும் போன்ல போட்டு வச்சுக்கோங்க. மருந்து பேரு தெரிஞ்சிடுச்சுன்னு நாமே கடையில வாங்கிப் போடக் கூடாது.

உண்ணியை எப்படிக் குறைக்கிறது? பிடுங்குற உண்ணியைப் பழைய பாட்டில்ல சோப்புத் தண்ணி ஊத்தி அதுல போட்டு மூடிடுங்க. கொட்டாய்ச் சுவர் வெடிப்பை எல்லாம் சிமென்ட் வச்சு அடைச்சு, சுண்ணாம்பு அடிங்க. சாணிக்குப்பை கொட்டாயை ஒட்டி இருக்கக் கூடாது. புது மாடு வாங்கிட்டு வந்தா நேரா கொண்டு போய் மத்த மாட்டோட கட்டாதீங்க. கொஞ்ச நாள் தனியாக் கட்டி, உண்ணியெல்லாம் எடுத்த பிறகு சேருங்க. சந்தை மாட்டோட உண்ணியும் சேர்ந்துதான் வீட்டுக்கு வருது.

கடையில விக்கிற டெல்டாமெத்ரின் மாதிரி மருந்து நல்ல மருந்துதான். ஆனா நாம என்ன பண்றோம்? காசு மிச்சம்னு தண்ணியைக் கூட்டிக் கலக்கறோம். பாதி சாகும், பாதி பிழைக்கும். பிழைச்சது குட்டி போட்டா அதுங்களுக்கு மருந்து பழகிப்போகும். நாட்டில் பல இடங்களில் டெல்டாமெத்ரினுக்கு உண்ணி சாகறதில்லைன்னு ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. அதுக்காக ரெண்டு மடங்கு ஊத்துறதும் ஆபத்து. மாடு நக்கினா விஷம், பாலிலும் வரும். டப்பாவில் போட்ட அளவு, போட்ட நாள் கணக்கு, அப்படியே செய்யணும். மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் தடவுறதை விட்டுடுங்க, தோல் வெந்துபோகும்.

மூலிகை மருந்து ஒண்ணு இருக்கு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரா இருந்த புண்ணியமூர்த்தி ஐயா பரப்பினது, தேசிய பால்வள வாரியமும் நாடு முழுக்கச் சொல்லித் தருது. அந்தப் பல்கலைக்கழகம் வேற எங்கேயும் இல்லை, நம்ம மாதவரம் பால்பண்ணையில்தான். பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஒவ்வொண்ணும் ஒரு கைப்பிடி. எல்லாத்தையும் அரைச்சு ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சு, துணியில வடிகட்டி, மாடு முழுக்கத் தெளிக்கணும். வெயில் நேரத்துல தெளிக்கணும். சுவர் இடுக்கிலும் தெளிக்கணும். உண்ணி போற வரைக்கும் வாரம் ஒரு தடவை. உண்ணிச்செடி இலையை மாடு திங்கக் கூடாது, ஈரலைக் கெடுக்கும். மேலுக்கு மட்டும்தான்.

பேரு எப்படிப் பொருந்துது பாருங்க. ஆனா உண்ணிக்கொக்குன்னு ஒரு பேரு வச்சிருக்கோமே, மாட்டுப் பின்னாடியே நடக்கிற வெள்ளைக் கொக்கு, அது அதிகமாத் தின்னுறது மாடு நடக்கும்போது எழும்பற வெட்டுக்கிளியைத்தானாம். அதை நம்பி உக்காராதீங்க.

நசுக்கக் கூடாதுன்னு சொன்னேன். ஏன்னா சில உண்ணியில மனுஷனைக் கொல்ற கிருமி இருக்கு. 2011 ஜனவரியில் குஜராத்தில் அகமதாபாத் பக்கத்துல ஒரு கிராமத்தில் கிரிமியன் காங்கோ காய்ச்சல்னு வந்தது. நம்ம நாட்டில் அந்த நோய் பரவினது முதல் தடவையா உறுதியானது அப்பதான். நோயாளி இறந்து, சிகிச்சை கொடுத்த டாக்டரும் நர்ஸும் கூட இறந்தாங்க. கர்நாடகாவில் சிவமொக்கா மாவட்டத்துக் காட்டில் 1957-ல் கண்டுபிடிச்ச குரங்குக் காய்ச்சலும் உண்ணி மூலமா வர்றதுதான். நம்ம ஊர்ல இதெல்லாம் இருக்குன்னு பயமுறுத்தலை. வெறுங்கையால நசுக்கி அந்த ரத்தம் விரல் வெட்டுல படுற பழக்கம் வேண்டாம்னு சொல்றேன். ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில மாட்டிக்கிட்டுப் பிடுங்கலாம்.

கடைசியா ஒண்ணு. இதைப் பொம்பளைங்க கூட்டத்துலதான் சொல்ல முடியும்.

பேப்பர்ல ‘உண்ணிக் காய்ச்சல்’னு போடுறாங்களே, ஸ்க்ரப் டைபஸ், 2025 தொடக்கத்துல சுகாதாரத் துறை எச்சரிச்சப்போ நம்ம திருவள்ளூர் மாவட்டத்துப் பேரும் அதுல வந்தது. அது மாட்டு உண்ணியால வர்றது இல்லை. புதர்ல, புல்லுல, எலி நடமாடுற இடத்துல இருக்கிற ஒரு சின்னப் பூச்சியோட குஞ்சு கடிச்சு வருது. கண்ணுக்கே தெரியாது, கடிச்சா வலிக்காது. மழைக்கு அப்புறம் குளிர் மாசங்கள்ல அதிகம். நம்ம பக்கம் கம்பெனிகள் வந்து மேய்ச்சல் நிலம் சுருங்கினதால ஏரிக்கரை, ரோட்டோரம், வேலிக்காத்தான் புதர்னு எங்கே புல் இருக்கோ அங்கே போய் அறுக்கிறது நாமதான்.

கடிச்சு ஒரு வாரம், பத்து நாள், சில பேருக்கு மூணு வாரம் கழிச்சுக் காய்ச்சல் வரும். தலைவலி, உடம்புவலி. டெங்குவா டைபாய்டான்னு அலைவோம். ஆனா கடிச்ச இடத்துல பல பேருக்கு ஒரு அடையாளம் இருக்கும். பீடி நெருப்பால சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு. அது எங்கே இருக்கும்? அக்குள், தொடை இடுக்கு, பாவாடை நாடா கட்டுற இடம், மார்புக்கு அடியில. டாக்டர்கிட்ட நாம காட்டாத இடமாப் பார்த்து இருக்கும். வலிக்காததால நமக்கும் தெரியாது. காய்ச்சல் நாலு நாள் தாண்டினா வீட்டுல அம்மாவோ அக்காவோ தங்கச்சியோ கதவைச் சாத்திக்கிட்டு உடம்பு முழுக்கப் பார்த்துடுங்க. இருந்தா வெக்கப்படாம டாக்டர்கிட்ட, நர்ஸ் அக்காகிட்ட சொல்லுங்க. பொருக்கு இல்லைன்னாலும், ‘நான் புல் அறுக்கப் போறவ’ன்னு சொல்லுங்க.

ஆரம்பத்துலயே தெரிஞ்சா டாக்ஸிசைக்ளின்னு விலை குறைஞ்ச மாத்திரையிலேயே குணமாகிடும். தாமதமானா நுரையீரல், கிட்னி வரைக்கும் போகும். வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் முன்னின்று இந்தியாவில் 7 ஆஸ்பத்திரிகளில் சுமார் 800 நோயாளிகளை வச்சு ஆராய்ச்சி பண்ணி, 2023-ல் வெளியிட்டாங்க. நோய் முத்தினவங்களுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் ரெண்டையும் சேர்த்து நரம்பு வழியா ஏத்தினா, ஒண்ணை மட்டும் ஏத்துறதை விட நல்லாக் குணமாகுதுன்னு கண்டுபிடிச்சாங்க. நம்ம பக்கத்து வேலூர்க்காரங்க செஞ்ச வேலை உலகம் முழுக்க உதவுது. ஆனா அந்த மருந்து ஏறணும்னா, இது உண்ணிக் காய்ச்சலா இருக்குமோன்னு டாக்டருக்கு முதல்ல சந்தேகம் வரணும்.

புல் அறுத்துட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் குளிச்சிடுங்க, அந்தப் புடவையை உடனே துவைச்சிடுங்க. துவைச்ச துணியைப் புதர் மேல காயப்போடாதீங்க. களைப்பா இருக்குன்னு புல்லுக்கட்டு மேலயே படுக்காதீங்க. வீட்டைச் சுத்திப் புதரை வெட்டுங்க.

வேப்பிலை, வசம்பு, உண்ணிச்செடி எல்லாம் கொண்டு வந்து பின்னாடி சாமியானா பக்கத்துல வச்சிருக்கேன். சாப்பாடு முடிஞ்சதும் வாங்க, மருந்து அரைச்சுக் காட்டுறேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போக நினைக்கிறவங்க ஒரு பாட்டில் கொண்டு வந்துடுங்க. மைக்கை அடுத்த அக்காகிட்ட கொடுக்கறேன்.