மடிப்புக் கலையாத பத்திரிகை



பத்திரிகாசிரியனுடைய இல்லறத்தைப் பற்றிக் கால்மணி நேரம் பேச வேண்டும் என்று திருச்சி வானொலி நிலையத்தார் கேட்டபோது, ஊரார் விவகாரங்களையெல்லாம் முப்பது வருஷ காலம் அச்சில் ஏற்றிப் பழகிய எனக்கு, சொந்த வீட்டுக் கதவைத் திறந்து காட்டுவதென்பது எளிதாக இல்லை. என் மனைவியிடம் யோசனை கேட்டேன். "நடந்ததை நடந்தபடி சொல்வதானால் போய்ப் பேசுங்கள்" என்றாள். அவள் அநுமதியோடுதான் இந்த ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்; அவளும் வீட்டில் ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

1946-ஆம் வருஷம் சென்னையில் ஒரு தமிழ்த் தினசரியில் உதவியாசிரியனாகச் சேர்ந்தேன். மூன்று வருஷம் கழித்துக் கல்யாணம். பெண் திருச்சிக்காரி. திருவல்லிக்கேணியில் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் குடித்தனம் வைத்தோம். மாலை ஆறு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு நான் புறப்படுவேன். பால்காரன் வாசலில் குரல் கொடுக்கும் வேளையில் திரும்புவேன். ஊர் விளக்கேற்றும் நேரத்தில் வீட்டைவிட்டுப் போகிற ஒரு புருஷனோடு குடித்தனம் நடத்துவது எப்படியிருக்கும் என்பதை, நேயர்களே, அப்பொழுது நான் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. காரணம், அந்த இரவுகளின்மேல் எனக்கு இருந்த மோகம்.

அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல அநுமதிக்க வேண்டும். ஈயம் காய்கிற வாசனையும் மசி வாசனையும் கலந்த அந்த அச்சுக்கூடத்தில், கம்பாசிட்டர்கள் எழுத்துப் பெட்டியின் முன்னால் நின்றபடியே, கண்கள் கையெழுத்துப் பிரதியிலும் விரல்கள் அறைகளிலுமாக, ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்கிக்கொண்டிருக்க, ஒரு மூலையில் டெலிபிரிண்டர் இங்கிலீஷில் உலகத்துச் சங்கதிகளைக் கக்கிக்கொண்டிருக்க, அந்தக் காகிதச் சுருளைக் கிழித்துக் கிழித்து நாங்கள் தமிழாக்கிக் கொடுத்துக்கொண்டேயிருப்போம். வெளியூர்ப் பதிப்பு ரயிலைப் பிடிக்க முன்னதாகவே போய்விடும். நகரப் பதிப்புக்குத்தான் நள்ளிரவுக்குப் பின்பும் இடம் இருக்கும். அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்தில், முதற் பக்கத்தை இரும்புச் சட்டத்துக்குள் இறுக்குவதற்குமுன், எந்தச் செய்தியை மேலே ஏற்றுவது, எதைக் கீழே இறக்குவது, எதை அடியோடு எடுத்துவிடுவது என்று நிர்ணயிக்கும் பொறுப்பு ஒருவன் தலையில் விழுகிறதே, அந்தப் பொறுப்பில் ஓர் ஆனந்தம் உண்டு. அதை அநுபவித்தவனுக்கு உறக்கம் பெரிதாகத் தோன்றாது, பசியும் தோன்றாது. வீடும் தோன்றாது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன்.

1963-ஆம் வருஷம் நவம்பர் 22-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. அப்பொழுது நான் ஆசிரியனாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மறுநாள் திருச்சியில் என் மைத்துனியின் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். எழும்பூரில் காலை ரயிலைப் பிடிக்க வேண்டும். "இரண்டு மணிக்கு வந்துவிடுகிறேன், குளித்துவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போய்விடலாம்" என்று மனைவியிடமும் பத்து வயது மகளிடமும் சொல்லிவிட்டுத்தான் ஆபீசுக்குப் போனேன். பொய் சொல்லவில்லை, அன்றைக்குப் பெரிய செய்தி ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தில் பகல் 12.30 மணி என்றால் நமக்குச் சரியாக நள்ளிரவு. சிறிது நேரத்தில் டெலிபிரிண்டரின் மணி விடாமல் அடிக்கத் தொடங்கியது. ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார் என்று ஒரே ஒரு வரி. ஒரு மணிக்கு மேல் மரணச் செய்தி வந்தது. பூட்டி வைத்திருந்த முதற் பக்கத்தை அவிழ்க்கச் சொன்னேன். 'கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார்' என்று பக்கம் முழுவதும் நீளும் மர எழுத்தில் தலைப்புப் போடத் தீர்மானித்தேன். போர்மன் பெட்டியைத் துழாவிவிட்டு வந்து, "ஐயா, புள்ளி வைத்த 'ட்' ஒன்றுதான் இருக்கிறது, இரண்டு வேண்டும்" என்றார். அத்தனை பெரிய எழுத்தில் ஒவ்வொன்றும் இரண்டு மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. இன்னொன்று என்றோ உடைந்துபோயிருந்தது. நின்ற இடத்திலேயே மனத்துக்குள் எழுத்துக்களைக் கூட்டிப் பார்த்து, 'கென்னடி படுகொலை' என்று மாற்றினேன். அதில் புள்ளி வைத்த 'ட்' ஒன்றுகூட இல்லை. போர்மன் முகம் மலர்ந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகவே இருக்கிறது, அதை மறைப்பதற்கில்லை.

முதல் கட்டு வெளியே போகும்வரை இருந்து பார்த்துவிட்டு, விடியற்காலையில் மவுண்ட் ரோட்டில் ஒரு கடையில் டீ குடித்துவிட்டு, மசி காயாத பிரதி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. மாடிக் கதவு பூட்டியிருந்தது. பக்கத்துப் போர்ஷன் அம்மாள் சாவியை நீட்டி, "நாலு மணி வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்; அப்புறம் குழந்தையை அழைத்துக்கொண்டு ரிக்ஷாவில் போய்விட்டாள்" என்றார். உள்ளே அடுப்படியில் எனக்காகக் கட்டிய கட்டுசாதம் தனியாக இருந்தது.

நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தாள். சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கும். அவள் போடவில்லை. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்" என்று மகள் மூலமாகச் சொல்வாள். "அம்மாவிடம் வாடகைப் பணத்தைக் கொடு" என்று நானும் மகள் மூலமாகவே கொடுப்பேன். பத்து வயதுப் பெண் இரண்டு பெரியவர்களுக்கு நடுவே டெலிபிரிண்டர் போல ஓடிக்கொண்டிருந்தாள். நேயர்களில் சிலருக்கு இந்த மௌனம் பழக்கமானதாக இருக்கலாம். அப்படியிருந்தால், குழந்தை அதைச் சுமக்கிறது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இங்கே இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கல்யாணமான நாள் முதல் என் பத்திரிகையின் மிகச் சிறந்த வாசகி அவள்தான். பேருக்குக் கீழே இருக்கும் தேதியிலிருந்து கடைசிப் பக்கத்து அடியில் அச்சகத்தின் விலாசம் வரைக்கும் படிப்பாள். பிழை கண்டால் பென்சிலால் ஒரு குறி போட்டு, நான் பகலில் எழுந்து சாப்பிட உட்காரும்போது இலைக்குப் பக்கத்தில் வைப்பாள். ஒரு முறை காவிரி வெள்ளச் செய்தியை இங்கிலீஷிலிருந்து மொழிபெயர்த்த நான், முக்கொம்பில் இருக்கும் மேலணையைக் கல்லணை என்று எழுதிவிட்டேன். "கல்லணைக்கும் மேலணைக்கும் நடுவே எங்கள் ஊரே இருக்கிறது, அதை எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள்?" என்று கேட்டாள். மறுநாள் திருத்தம் போட்டோம்.

அந்த வருஷம் போகிக்கு வீட்டைத் துப்புரவு செய்தபோது, அலமாரியின் கீழ்த்தட்டை ஒழிக்கலாம் என்று நான் உட்கார்ந்தேன். ஏறக்குறைய ஐம்பது பத்திரிகைகள், தேதி வரிசை தவறாமல் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிற்கும் அடியில் நவம்பர் 23-ஆம் தேதிப் பிரதி. ஒன்றுகூட மடிப்புக் கலையவில்லை. ஊருக்குப் போயிருந்த நாட்களில் சேர்ந்தவற்றையும், வந்தபின் பையன் வாசலில் போட்டுவிட்டுப் போனதையும் எடுத்து, விரித்துப் பார்க்காமலே, ஒவ்வொரு நாளும் அங்கே வைத்திருக்கிறாள். கோவில்பட்டி ஏஜெண்டு நூறு பிரதி குறைத்தால் ஒரு வாரம் அதே சிந்தையாக இருக்கிற நான், என் வீட்டிலேயே வாசகியை இழந்து ஐம்பது நாள் ஆனதை அறியாமல் இருந்திருக்கிறேன்.

"ஏன் படிக்கவில்லை?" என்று, அத்தனை நாளைக்குப் பிறகு முதன்முதலாக அவளிடம் நேரே கேட்டேன்.

"பிடிக்கவில்லை, படிக்கவில்லை" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு மாவிலை கட்டப் போய்விட்டாள்.

அந்தப் பதில் என் ஓய்வு நாட்களை எண்ணிப் பார்க்க வைத்தது. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்காக 1955-இல் ஒரு சட்டம் வந்தது. நான்கு வாரத்துக்கு 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும், ஏழு நாளில் தொடர்ந்தாற்போல் 24 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்றும் அது விதித்தது. அந்தச் சட்டத்தை வரவேற்று நானே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த 24 மணி நேரத்தை எட்டு வருஷத்தில் நான் முழுமையாக எடுத்துக்கொண்டது கிடையாது. முதலாளி தடுக்கவில்லை. நான் இல்லாமல் பத்திரிகை வராது என்ற என் எண்ணமே தடுத்தது. போகிக்குப் பிறகு, புதன்கிழமை இரவுப் பொறுப்பைத் துணையாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கலானேன். பத்திரிகை வந்தது, நன்றாகவே வந்தது.

ஆனால் வீட்டில் இருந்துவிட்டால் மட்டும் மனஸ்தாபம் கரைந்துவிடுமா? முதல் சில புதன்கிழமைகள் மிகவும் கடினமாகக் கழிந்தன. எனக்குப் பேச விஷயம் இல்லை. அவளுக்குப் பேச விருப்பம் இல்லை. ஆறு மணி ஆனால் என் கால் வாசலுக்கு இழுக்கும். மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை கடற்கரைக்குப் போயிருந்தோம். மகள் அலையில் கால் நனைக்கப் போன சமயத்தில், அவளாகவே அந்தத் திருச்சிப் பிரயாணத்தைப் பற்றி ஆரம்பித்தாள். விழுப்புரத்தில் குழந்தை வாந்தி எடுத்தது, சாமானையும் குழந்தையையும் எதிர் ஸீட்டுக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டுத் தண்ணீருக்கு ஓடியது, வண்டி ஊதிவிட்டது, ஓடி வந்து ஏறியது, விசேஷ வீட்டில் "மாப்பிள்ளை வரவில்லையா?" என்று வந்தவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகக் கேட்டது, அத்தனை பேருக்கும் கென்னடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அவள் சொல்லி முடிக்க முக்கால் மணி ஆயிற்று. அதற்குப் பிறகுதான், சிறிது சிறிதாக, இலைக்குப் பக்கத்தில் மறுபடியும் பென்சில் குறியிட்ட பத்திரிகை வரத் தொடங்கியது. தலையங்கத்தை மட்டும் அவள் நான் ஓய்வு பெறும் வரைக்கும் படிக்கவேயில்லை. அதை நானும் கேட்கவில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் சைகை காட்டுகிறார்கள். சொல்ல நினைத்ததில் பாதியை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒருவரைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. தமிழ்ப் பத்திரிகைத் தொழிலில் எங்களுக்கெல்லாம் முன்னோடியான பாரதியார், 1904-இல் சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்ந்தார், மறு வருஷமே பெண்களுக்கான 'சக்கரவர்த்தினி'க்கு ஆசிரியரானார், 1906-இல் 'இந்தியா'. 1908-இல் அந்தப் பத்திரிகையின் நிமித்தமாகவே புதுச்சேரிக்குப் போக நேர்ந்தது. இதெல்லாம் அவர் சரித்திரம். ஏழு வயதில் அவருக்கு மாலையிட்ட செல்லம்மாள், இரண்டு பெண் குழந்தைகளோடு, அடுத்த வேளை அரிசிக்கு வழி தேடிய நாட்கள் பல. சமைக்க வைத்திருந்த அரிசியை அவர் குருவிகளுக்கு இறைத்து மகிழ்ந்ததை நாம் எல்லோரும் சொல்லிச் சொல்லி வியக்கிறோம். அன்றைக்கு உலை வைக்க வேண்டியிருந்தவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. செல்லம்மாளே பேசினார். கணவர் மறைந்து முப்பது வருஷம் கழிந்தபின், 1951-இல், இதே திருச்சி நிலையத்திலிருந்து 'என் கணவர்' என்ற தலைப்பில் பேசினார். கவிஞனுக்கு மனைவியாக இருப்பது எத்தனை கஷ்டம் என்பதையும், அந்தக் கஷ்டத்தோடு கலந்திருந்த பெருமையையும் ஒருங்கே சொன்னார். அந்த ஒலிபரப்பை நான் கேட்கவில்லை. அன்று மாலையும் ஆபீசில்தான் இருந்திருப்பேன். பின்னால் அச்சில் படித்தேன். அதைப் படித்துவிட்டும் நான் திருந்த மேலும் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர்கள் தங்கள் வார ஓய்வை முழுதாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். நிலையத்தாரிடம் ஒரு விண்ணப்பம்: இந்தப் பொருளைப் பற்றி இனி யாரையாவது பேச அழைப்பதாக இருந்தால், பத்திரிகாசிரியர்களை விட்டுவிட்டு அவர்களுடைய மனைவிமாரை அழையுங்கள். நான் சொன்னதில் எங்கெங்கே பிழை இருக்கிறது என்று என் மனைவி இந்நேரம் பென்சிலோடு குறித்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் அவளும் வருவாள்.