உடம்புக்கும் ஒரு கணக்கு நோட்டு

(நம் அறக்கட்டளையின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)





சர்க்கரை நோயால் கால் புண், சிறுநீரகக் கோளாறு, பார்வைக் குறைவு என்று மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு மனு வராத மாதம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்கிறது. டயாலிசிஸுக்கு உதவுவது நம் கடமை. நம் வீட்டார் அந்த நிலைக்குப் போகாமல் காப்பது அதற்கும் முந்திய கடமை.

நடக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியாததல்ல. டாக்டர் சொன்னதும் புது ஷூ வாங்கிப் பத்து நாள் நடக்கிறவர்கள் நிறைய உண்டு. பிறகு ஒரு கல்யாணம் வரும், மழை வரும், காய்ச்சல் வரும். இரண்டு நாள் விட்டது இரண்டு மாதமாகிவிடும். எந்த நாளில் நின்றது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஏனென்றால் கணக்கு இல்லை.

இதற்கு நாம் சொல்லும் வழி, ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, செய்த பயிற்சி, எத்தனை நிமிடம், உடம்பு எப்படி இருந்தது. இவ்வளவுதான். வீட்டில் சர்க்கரை பார்க்கிறவர்கள், பார்த்த அன்று அந்த அளவையும் குறித்துக்கொள்ளலாம்.

நம்மில் பலர் கடை நடத்துகிறவர்கள். வியாபாரம் நடந்த நாளை மட்டும் எழுதி, நடக்காத நாளை விட்டுவிட்டால் அது கணக்காகுமா? இதுவும் அப்படியே. பயிற்சி செய்யாத நாளிலும் தேதி போட்டு "இல்லை" என்று எழுத வேண்டும். பக்கத்தில் காரணத்தை இரண்டு சொல்லில் எழுத வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அந்த "இல்லை" வரிகளை மட்டும் படித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை தோறும் விட்டுப்போயிருந்தால், அன்றைக்கு மட்டும் அஸருக்குப் பின் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். "தூக்கம்" என்று அடிக்கடி வந்தால், சரிசெய்ய வேண்டியது காலையை அல்ல, இரவில் செல்போனோடு விழித்திருப்பதை. "முழங்கால் வலி" மூன்று முறை வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். மனதில் சோம்பல் என்று நினைத்திருந்ததற்கு, தாளில் வேறு காரணம் தெரியும்.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. வேக நடையாக, தினம் அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள். அதோடு இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. தெருவில் நடக்க வசதிப்படாத தாய்மார்கள் மொட்டை மாடியில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நடந்தாலும் கணக்கில் சேரும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்து முறை செய்தால் அதுவும் ஒரு வரி.

குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் போதித்திருப்பதை நாம் அறிவோம். ஆகவே பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். ரமலானில் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள், எழுதுவதை நிறுத்த வேண்டாம். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், நோன்புக் காலத்துப் பயிற்சியைப் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நோட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதற்கல்ல. பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை கிலோமீட்டர் நடந்தார் என்பதும் நமக்கு வேண்டாம். உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம். அதற்கு நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ளும் கணக்கு இது.

கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் வீட்டுக்கு ஒரு நோட்டு வாங்கிச் செல்லுங்கள். அடுத்த இரத்தப் பரிசோதனை முகாமுக்கு வரும்போது அதையும் கொண்டு வாருங்கள். "இல்லை" என்று நிறைய எழுதியிருந்தாலும் வெட்கப்பட வேண்டாம். டாக்டருக்கு உதவப்போவது அந்த வரிகள்தான்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும், அதைப் பேணும் உறுதியையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.