பழைய விடையும் புதிய விடையும்

7 என்னும் எண்ணை 2 ஆல் வகுத்தால் வருவது யாதென வினவினால், பள்ளிச் சிறுவன் மூன்றரை என்பான். பைதன் என்னும் கணினி மொழியின் இரண்டாம் பதிப்போ 3 என்றே விடை பகர்ந்தது. மூன்றாம் பதிப்பு 3.5 என்கிறது. கட்டளையில் ஓர் எழுத்தும் மாறவில்லை, விடை மாறிவிட்டது. பழைய மென்பொருளைப் புதிய பதிப்பிலே இயக்க முனைவோர்க்கு நேரும் இடர் இச்சிறு கணக்கினுள் அடங்கிக் கிடக்கிறது.

நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழி இது. அதன் மூன்றாம் பதிப்பு 2008 டிசெம்பரில் வந்தது. பழைய குறைகளைக் களையும் பொருட்டு, முன்னையதோடு முற்றும் இணங்காது என அறிந்தே அதனை ஆக்கினர். இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2015 இல் முடிவதாக இருந்தது. பின்னர் 2020 ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை நீட்டப்பட்டது. பதினொரு ஆண்டுகள் கிடைத்தும் பலர் மாறத் தயங்கினர். காரணம் என்ன?

மாற்றங்கள் இருவகைப்படும். ஒருவகை வாய்விட்டுச் சொல்லும். பழைய முறையில் எழுதிய அச்சிடும் கட்டளையைக் கண்டதும் புதிய பதிப்பு பிழையென நின்றுவிடும். நின்றதைத் திருத்துவது எளிது. மற்றொரு வகை வாய் திறவாது. 74.5 என்னும் புள்ளியை முழு எண்ணாக்கும்படி பணித்தால் பழைய பதிப்பு 75 என்றது. அரையை இரட்டை எண்பக்கம் சேர்க்கும் புதிய பதிப்பு 74 என்கிறது. 75 பெற்றோர்க்கே சிறப்புச் சித்தி என்று ஒரு பாடசாலை விதித்திருப்பின், அம்மாணவனின் சித்தி ஓசையின்றி மறைந்துவிடும். ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால், சேமிப்பிலுள்ள பைட்டுகளை எண்ணிப் பழையது 15 என்றது. குறியீடுகளை எண்ணிப் புதியது 5 என்கிறது.

ஆதலால், பழைய பதிப்பு இயங்கும்போதே அதன் விடைகளைப் பதிந்து வைத்தல் முதற்கடன். பின்னர் அதே உள்ளீடுகளைப் புதியதற்கு அளித்து, இரு விடைகளையும் வரிவரியாக ஒப்புநோக்கல் வேண்டும். எவ்வுள்ளீட்டைக் கொடுப்பது என்பதிலேயே சோதனையின் வலிமை தங்கியுள்ளது. 8 ஐ 2 ஆல் வகுத்துப் பார்த்தவர் மதிப்பில் வேறுபாடு காணார். 7 ஐ வகுத்தவரே காண்பார். ஒற்றை எண்களும், சரிபாதிப் பின்னங்களும், தமிழ்ப் பெயர்களும், வெறுமையான கோப்புகளும், பழைய மென்பொருள் முன்னர் எழுதிவைத்த பதிவேடுகளும் சோதனையில் இடம்பெறல் வேண்டும்.

வேறுபாடு யாவும் புதியதன் குற்றமன்று. பல்லாண்டாய்ப் பழையதே தவறியிருக்கவும் கூடும். எது சரியென்று தீர்ப்பது கணினியின் பணியன்று. அக்கணக்கின் நோக்கத்தை அறிந்த மனிதரின் பணி. நின்றுபோகும் மென்பொருளுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. நில்லாது ஓடி வேறு விடை தருவதற்கே அஞ்சுதல் வேண்டும்.