கச்சத்தீவுக்குப் போகும் வழி



நான் கோபாலபுரத்தில் வசிப்பவன். அவ்வை சண்முகம் சாலையை எங்கள் பகுதிப் பெரியவர்கள் இன்னும் லாயிட்ஸ் ரோடு என்றுதான் சொல்வார்கள். அதிலிருந்து உள்ளே திரும்பினால் அமைதியான சில தெருக்கள், ஒரு விளையாட்டு மைதானம், வேணுகோபாலசாமி கோயில், கோயிலை ஒட்டி மு. கருணாநிதி அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்த வீடு. பாக் நீரிணையின் நடுவே மனிதர் யாரும் குடியிருக்காத ஒரு தீவுக்கு இன்று உங்களை அழைத்துப் போகிறேன். அந்தத் தீவின் கதையில் எங்கள் தெருவுக்கும் ஓர் இடம் உண்டு. 1974 ஜூன் கடைசியில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கடலில் எல்லைக் கோடு வகுத்துக் கையெழுத்திட்டபோது, தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்த கருணாநிதி இந்த வீட்டில்தான் குடியிருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டமன்றம் தன் எதிர்ப்பைத் தீர்மானமாகப் பதிவுசெய்தது. ஆனால் அதற்குள் கோடு கச்சத்தீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளி விழுந்திருந்தது, தீவு இலங்கைப் பக்கம் போயிருந்தது. 2025 ஏப்ரலில் தீவை மீட்கக் கோரி மறுபடியும் ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கிறது.

தீவு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு பெரியது. அதைப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது அங்கே படகில் போகிற வழியைப் பற்றியும், அந்த வழிக்கு ஆண்டுதோறும் கொடுக்கப்படுகிற அல்லது மறுக்கப்படுகிற அனுமதியைப் பற்றியும்.

சென்னையில் இரவு ரயில் ஏறினால் விடிகிற நேரத்தில் பாம்பன் வந்துவிடும். ஜன்னலோர இடம் கிடைத்தவர்கள் கண்ணை மூடாமல் இருங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதி கப்பலுக்கு வழிவிட இரண்டு கதவுகளாகப் பிளந்து திறந்தது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்தில் நடுப்பகுதி அப்படியே நேராக மேலே எழும்புகிறது. இரண்டுக்கும் இடையில், 2022 டிசம்பர் முதல், ரயில்கள் மண்டபத்தோடு நின்றுபோன காலம் ஒன்று இருந்தது. அப்போது பயணிகள் மூட்டை முடிச்சோடு பஸ் பிடித்துத் தீவுக்குள் வந்தார்கள்.

இந்த ரயில் பாதை போடப்பட்டதே இலங்கைக்குப் போவதற்காகத்தான். எழும்பூரில் கொழும்புக்கு ஒரே டிக்கெட் வாங்கலாம். போட் மெயில் தனுஷ்கோடித் துறை வரை போகும், அங்கிருந்து நீராவிக் கப்பல் தலைமன்னாருக்கு, பிறகு மறுகரை ரயில். 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிற்று. எண்பதுகளில் போர் வந்ததும் அதுவும் நின்றது. மண்டபத்தில் ரயில் நிற்கும்போது வெளியே பாருங்கள். மண்டபம் முகாம் என்று இன்று நாம் அறிகிற இடத்தில், தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலித் தொழிலாளிகளை இலங்கை அரசு நிறுத்திவைத்து நோய்ச் சோதனை செய்தது. காகிதம் என்று அதிகம் கேட்காத காலம் அது. 1948-இல் இலங்கையின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் வந்தது. பாஸ்போர்ட்டும் விசாவும் கட்டாயமாயின. தாள் இல்லாமல் கடல் கடந்தவர்களுக்குக் கள்ளத்தோணி என்று பேர் விழுந்தது. பிறந்ததிலிருந்து மலையகத்திலேயே வாழ்ந்த தமிழர்களைக்கூட அந்தப் பேரால் ஏசினார்கள். பின்னாளில் அதே மண்டபம் முகாமில் எதிர்த்திசையில் தோணியேறி வந்த அகதிகள் தங்கினார்கள்.

இத்தனை நடந்தும் ஒரு வழி மட்டும் நிரந்தரமாக அடைபடவில்லை, கச்சத்தீவு அந்தோணியார் கோயிலுக்குப் போகும் வழி.

ராமேஸ்வரத்தில் இறங்கியதும் வேர்க்கோட்டுக்குப் போங்கள். அங்குள்ள சூசையப்பர் ஆலயத்தின் பங்குத்தந்தைதான் இந்தப் பயணத்தின் ஒருங்கிணைப்பாளர். திருவிழா பிப்ரவரியிலோ மார்ச்சிலோ, தவக்காலத்தில் வரும். சில வாரங்களுக்கு முன்பே விண்ணப்பம் கொடுக்கத் தொடங்குவார்கள். ஆதார் நகல், புகைப்படம், வழக்கு ஏதும் இல்லை என்பதற்குக் காவல் நிலையச் சான்று, அரசு ஊழியராக இருந்தால் துறையின் தடையில்லாச் சான்று. படகு உரிமையாளர் தன் படகின் பதிவையும் உரிமத்தையும் மீன்வளத் துறையிடம் காட்ட வேண்டும். புறப்படும் நாள் காலையில் துறைமுகத்தில் சுங்கத் துறையும் காவல் துறையும் பைகளைச் சோதிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட். பாஸ்போர்ட் வேண்டாம், விசாவும் வேண்டாம்.

வேறொரு நாட்டு மண்ணில் பாஸ்போர்ட் இல்லாமல் ஓர் இரவு தங்கலாம் என்பது தற்செயலாக வந்ததல்ல. 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் அதுவரை போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ இலங்கை கேட்காது என்று சொல்கிறது. 1976-இல் மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுத்தபோது இரு அரசுகளும் கடிதம் மாற்றிக்கொண்டன. ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் அனுமதியில்லாமல் மீன் பிடிக்கக் கூடாது என்று அதில் எழுதினார்கள். யாத்திரிகருக்குக் கொடுத்த வாக்கை அந்தக் கடிதம் திரும்பப் பெறவில்லை. அந்த வாக்கின் பலத்தில்தான் இந்தப் படகுகள் இன்றும் புறப்படுகின்றன.

துறையை விட்டு வடகிழக்கே திரும்பினால் விசைப்படகில் இரண்டு மூன்று மணி நேரம். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். கரையோரத்தில் பச்சையாகக் கிடக்கும் தண்ணீர் போகப் போகக் கருநீலமாக மாறும். அந்தப் பருவத்தில் வாடைக் காற்று தணிந்திருக்கும். படகில் பாட்டிகள் ஜெபமாலை உருட்டுவார்கள், பிள்ளைகள் அணியத்தில் உட்கார இடம் பிடிக்கச் சண்டை போடுவார்கள். எல்லை வரை இந்தியக் கடலோரக் காவல் படையின் கப்பல் துணை வரும். அப்புறம் இலங்கைக் கடற்படையின் படகுகள் தென்படும். மற்ற நாட்களில் அந்தப் படகைத் தூரத்தில் கண்டாலே வலையை அறுத்துவிட்டுத் திரும்புகிற டிரைவர், அன்றைக்கு வேகத்தைக் குறைத்து அதன் பின்னாலேயே போகிறார். அந்தக் காட்சியைப் பார்த்தபோது என் நெஞ்சு கனத்தது. அந்த ஒரு நாள் சாத்தியமாகிற மரியாதை மற்ற நாட்களிலும் சாத்தியமாக வேண்டும்.

தீவு சிறியது. நீளம் ஒன்றரைக் கிலோமீட்டர் சொச்சம், அகலம் அதைவிட மிகக் குறைவு. முட்புதர், சிப்பி கலந்த மணல், உடைந்த பவளப்பாறை. குடிக்கத் தண்ணீர் கிடையாது. ராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீனில் இருந்த நிலம். நம்புதாளைச் சீனிக்குப்பன் படையாச்சி என்கிற மீனவர், கடலில் தப்பிப் பிழைத்த நன்றிக்காக 1905-இல் அந்தோணியாருக்குக் கோயில் எழுப்பினார் என்பது இரு கரையிலும் சொல்லப்படும் வரலாறு. அந்தப் பழைய கோயில் இன்னும் நிற்கிறது. அதன் பக்கத்தில் இலங்கைக் கடற்படை கட்டிய புதிய கோயில் 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது.

முதல் நாள் மாலை கொடியேற்றம். வெயில் தாழ்ந்ததும் தீவைச் சுற்றிச் சிலுவைப்பாதை, இரவில் தேர்பவனி. யாழ்ப்பாணம், நெடுந்தீவு, மன்னார்ப் பக்கத்து மக்கள் ஒருபுறம், ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் மக்கள் ஒருபுறம். ஜெபம் ஒரே தமிழில் எழும்புகிறது. சிங்களம் பேசுகிற பக்தர்களும் வருகிறார்கள். யாழ் மறைமாவட்டத்துச் சாமியார்களும் தமிழகத்துச் சாமியார்களும் சேர்ந்து மறுநாள் காலை திருப்பலி வைக்கிறார்கள். பழைய நாட்களில் இதுவே ஒரு சந்தையாகவும் இருந்தது. கைலி, சோப்பு, தேங்காய் எண்ணெய் என்று கைமாறும். பெண் கொடுக்கல் வாங்கல் பேச்சும் அங்கேதான் நடந்தது. போரில் சிதறிய உறவுகள் பல ஆண்டு கழித்து அந்த மணலில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு அழுததை நேரில் கண்டவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இப்படி ஒரு பயணம் சீராக நடந்துவந்திருந்தால் நான் இவ்வளவு பேச வேண்டியதில்லை. 1983-க்குப் பிறகு போர்க் காலத்தின் பெரும் பகுதியில் இந்தியப் படகுகள் போக முடியவில்லை. போர் முடிந்து 2010 முதல்தான் மறுபடியும் ஒழுங்காக வழி திறந்தது. 2017-இல் திருவிழாவுக்குச் சில நாள் முன்பு ராமேஸ்வரத்து இளைஞர் ஒருவர் கடலில் சுடப்பட்டு இறந்தார், தமிழகத்திலிருந்து யாரும் போகவில்லை. 2021-இல் கொரோனாவால் இல்லை. 2022-இல் மிகச் சிலருக்கு மட்டும் அனுமதி. 2024-இல் படகு டிரைவர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்ததைக் கண்டித்து மீனவர்கள் பயணத்தையே கைவிட்டார்கள். 2025 மார்ச்சில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். ஒப்பந்தத்தின் வரி இத்தனை ஆண்டும் மாறவே இல்லை. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் யார் போகலாம், எத்தனை பேர், எந்தப் படகில் என்பது மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

எந்தப் படகில் என்ற கேள்விதான் என்னை அதிகம் வருத்துவது. இந்தக் கடலின் பழைய நாட்டுப் படகு வல்லம். பாய் விரித்துக் காற்றுப் பார்த்துப் போகிற படகு. விசைப்படகுகள் இந்தக் கரையில் பெருகியது 1960-களுக்குப் பிறகுதான். அப்படியானால் 1974-இல் ‘அதுவரை போலவே’ என்று எழுதியபோது அந்தத் தீவுக்குப் போய்வந்துகொண்டிருந்த படகுகளில் பெரும்பாலானவை வல்லங்களே. ஆனால் போருக்குப் பிந்தைய பல ஆண்டுகளில் நாட்டுப் படகுகளுக்குத்தான் அனுமதி இல்லை என்றார்கள். காரணம் பாதுகாப்பு. நாட்டுப் படகு மீனவர்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய்க் கேட்டார்கள். அண்மை ஆண்டுகளில் விசைப்படகுகளோடு சில நாட்டுப் படகுகளும் போகின்றன. அந்தச் சிலவும் அடுத்த ஆண்டு போகுமா என்பது அந்த ஆண்டு அறிவிப்பு வந்தால்தான் தெரியும். பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானது, கடலில் ஜனங்களை ஏற்றிப்போகிற எவரும் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்தக் கடலின் நீரோட்டத்தைத் தலைமுறையாக அறிந்தவர்களுக்கு லைஃப் ஜாக்கெட்டும் துணைக்கு ஒரு ரோந்துக் கப்பலும் கொடுத்து அனுப்ப முடியும். அனுமதி மறுப்பது அதிகாரிகளுக்கு எளிது, அவ்வளவுதான்.

உலகின் மறுகோடியில் இதே மாதிரி ஒரு வழக்கு இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாவுக்கும் கனடாவின் ஒன்டாரியோவுக்கும் நடுவே ஏரிகள் கோத்துக் கிடக்கும் பெருங்காடு. ஓஜிப்வே பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகக் கேனோ என்கிற இலேசான படகில் துடுப்புப் போட்டுப் போன வழி. ஏரி முடிகிற இடத்தில் படகைத் தோளில் சுமந்து அடுத்த ஏரிக்கு நடப்பார்கள். 1842-இல் வெப்ஸ்டர்–ஆஷ்பர்ட்டன் ஒப்பந்தம் அந்த ஏரிகளின் வழியே எல்லை வகுத்தபோது, நீர்வழிகளும் படகு சுமக்கும் நடைபாதைகளும் இரு நாட்டாருக்கும் திறந்தே இருக்கும் என்று எழுதிவைத்தது. நம் ஐந்தாம் பிரிவுக்கு அது மூத்த சகோதரி. அங்கே காட்டுக்குள் சுங்கச் சாவடி இல்லாததால், முன்கூட்டியே விண்ணப்பித்து ஓராண்டுக்கான சீட்டு வாங்கிக்கொண்டு கேனோக்காரர்கள் கனடாவுக்குள் நுழைந்தார்கள். 2024 செப்டம்பரில் கனடா எல்லைத் துறை புதிய விண்ணப்பங்களை நிறுத்திவைத்தது. பிறகு, 2026 செப்டம்பர் முதல் அந்தச் சீட்டு இராது, நுழையும் ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும் என்றது. செல்போன் கோபுரமே இல்லாத காட்டில் துடுப்புப் போடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது நம் வல்லக்காரருக்குச் சொல்லாமலே விளங்கும். ஒப்பந்தம் திறந்துவைத்த வழியைத் திறப்பதும் சாத்துவதும் அங்கேயும் அலுவலக நடைமுறைதான்.

அங்கே ஒரு வசதி மட்டும் இருந்தது. மாற்றத்தை முன்கூட்டி நாள் குறித்துச் சொன்னார்கள். நம் கடலில் அதுவாவது வேண்டும். எத்தனை விசைப்படகு, எத்தனை நாட்டுப் படகு, ஒரு படகில் எத்தனை பேர் என்பதை இரு அரசுகளும் ஐந்தாம் பிரிவின் கீழ் ஒருமுறை எழுதி நிரந்தரமாக்கிவிட்டால், ஒவ்வொரு ஜனவரியிலும் பங்குத்தந்தையும் ஆட்சியரும் மீனவர் சங்கங்களும் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம். ஒரு சண்டையோ ஒரு கைதோ வந்தாலும் பக்தர்களின் படகு அதில் சிக்காது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள், நல்ல காரியம். அதில் போகப் பாஸ்போர்ட் வேண்டும், காசு வேண்டும். வல்லத்தில் போகிற ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டில் ஓர் இரவு கச்சத்தீவு மட்டுமே இருக்கிறது.

போக விரும்பும் நேயர்களுக்குச் சில சொற்கள். பொங்கல் முடிந்ததும் வேர்க்கோடு ஆலயத்தில் விசாரியுங்கள். காவல் நிலையச் சான்றுக்கு நாள் பிடிக்கும், சென்னையிலிருந்து போகிறவர்கள் அதை முதலில் முடித்துவிடுங்கள். விண்ணப்பத்தில் உள்ள பேர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும், கரையேறுமிடத்தில் இலங்கை அதிகாரிகள் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பார்கள். மதுவும் புகையிலையும் வேண்டாம். மணலில் விரிக்க ஒரு பாய், இரவுப் பனிக்குப் போர்வை, இரண்டு நாளைக்குக் குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் காலையில் வயிற்றை நிரப்பாமல் ஏறுங்கள். மறுநாள் கொடியிறக்கம் முடிந்ததும் உங்கள் படகு புறப்பட்டுவிடும். எந்தப் படகில் போனீர்களோ அதே படகில்தான் திரும்ப வேண்டும், அதன் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.