கழிவுநீரைத் தெளிய வைக்கும் குளங்கள்



குளித்த தண்ணீர் வீட்டை விட்டு வெளியே போகிறது. பாத்திரம் கழுவிய தண்ணீர் போகிறது. கழிப்பறைத் தண்ணீரும் போகிறது. எங்கே போகிறது? சாக்கடைக்கு. சாக்கடையில் இருந்து எங்கே போகிறது? இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை.

கொல்கத்தாவில் ஒருவர் கேட்டார். அவர் பெயர் துருபஜோதி கோஷ். மேற்கு வங்க அரசில் பொறியாளராக இருந்தவர். 1980களின் தொடக்கத்தில் அவர் நகரத்துக் கழிவுநீரைத் தேடிக் கிழக்கே போனார். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஆலை எதையும் அவர் அங்கே காணவில்லை. நூற்றுக்கணக்கான குளங்களைக் கண்டார். குளங்களில் மீன்கள் வளர்ந்தன.

கொல்கத்தாவுக்கு மேற்கே ஹூக்ளி ஆறு ஓடுகிறது. ஆனால் நகரத்தின் நிலம் கிழக்கே சரிந்திருக்கிறது. அதனால் கழிவுநீரும் கிழக்கே போகிறது. அங்கே முன்பு உப்புநீர்ச் சதுப்பு நிலம் இருந்தது. வித்யாதரி என்ற ஆறு கடல்நீரை அங்கே கொண்டுவந்தது. நாளடைவில் ஆற்றில் வண்டல் படிந்தது. ஆறு தூர்ந்து போனது. உப்புநீர் வரவில்லை. மீனவர்கள் என்ன செய்தார்கள்? கால்வாயில் வந்த கழிவுநீரைக் குளங்களில் அளவோடு விட்டுப் பார்த்தார்கள். மீன் வளர்ந்தது. இந்தக் குளங்களை அந்த ஊர் மக்கள் ‘பேரி’ என்கிறார்கள்.

சாக்கடை நீரில் மீன் எப்படி வாழும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

இந்தக் குளங்கள் ஆழம் இல்லாதவை. ஓர் ஆள் இறங்கி நிற்கலாம். அதனால் வெயில் தண்ணீருக்குள் நன்றாக இறங்கும். குளிர்காலத்தில் குளத்தை வற்ற வைத்து, தரையைக் காய விடுவார்கள். பிறகு கழிவுநீரை விட்டு, சில வாரம் அப்படியே வைப்பார்கள். அந்த நாட்களில் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் கழிவை மக்க வைக்கின்றன. மக்கிய கழிவு பாசிக்கு உரமாகிறது. பாசி வெயிலில் வளர்கிறது. வளரும்போது தண்ணீருக்குள் பிராணவாயுவை விடுகிறது. அந்தப் பிராணவாயு நுண்ணுயிர்களுக்கும் வேண்டும், மீன்களுக்கும் வேண்டும். வெயிலில் நோய்க் கிருமிகள் பெருமளவு மடிகின்றன. தண்ணீர் தெளிந்த பிறகுதான் மீன்குஞ்சை விடுவார்கள். கட்லா, ரோகு, மிர்கால் போன்ற மீன்கள் பாசியையும் மற்ற சிற்றுயிர்களையும் தின்று வளர்கின்றன. மீன் தின்பதால் பாசியும் அளவுக்கு மீறிப் பெருகுவதில்லை.

குளத்தின் ஓரத்தில் ஒரு செடி மிதக்கும். நீங்கள் நன்றாக அறிந்த செடிதான். ஆகாயத்தாமரை. பல ஊர்களில் அது குளத்தைக் கெடுக்கும் களை. இங்கே அதைக் கரையோரமாக மட்டும் வளர விடுகிறார்கள். அலை கரையை அரிக்காமல் அது தடுக்கிறது. மீன்களுக்கு நிழல் தருகிறது. தண்ணீரில் கலந்துள்ள ஈயம் போன்ற உலோகங்களை அதன் வேர்கள் இழுத்துக் கொள்கின்றன. இதே செடி குளம் முழுவதும் பரவினால் என்ன ஆகும்? வெயில் உள்ளே போகாது. பாசி வளராது. பிராணவாயு குறையும். மீன் சாகும். செடி ஒன்றுதான். அது ஓரத்தோடு நிற்பது மீனவர்களின் உழைப்பால்.

கழிவுநீர் அதிகமானாலும் ஆபத்துதான். பிராணவாயு குறைந்தால் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்ததும் மீனவர்கள் கழிவுநீரை நிறுத்தி விடுவார்கள். தண்ணீரின் நிறமும் வாசனையும் அவர்களுக்குப் பாடம்.

ஆனால் குளத்தால் எல்லாவற்றையும் செரிக்க முடியாது. மனிதக் கழிவு மக்கும். சமையல் கழிவு மக்கும். தோல் பதனிடும் ஆலைகளில் இருந்து வரும் குரோமியம் மக்காது. செடி அதில் கொஞ்சம் இழுத்துக் கொள்ளும். மிச்சம் சேற்றில் தங்கும். செடி இழுத்த நஞ்சும் அழிவதில்லை. செடி அங்கேயே அழுகினால் நஞ்சு திரும்பவும் தண்ணீரில் கலக்கும். ஆகவே ஆலைக் கழிவை ஆலையிலேயே சுத்தம் செய்ய வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மண் கொட்டிக் குளத்தை மூடுவது. 1960களில் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியை நிரப்பி சால்ட் லேக் என்ற புதுநகரத்தைக் கட்டினார்கள். மீதி நிலத்துக்கும் ஆபத்து வந்தது. பொதுமக்கள் அமைப்பு ஒன்று நீதிமன்றம் போனது. 1992ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் சதுப்பு நிலத்தைக் காக்கும்படி தீர்ப்புக் கூறியது. 2002ஆம் ஆண்டு இது ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் ஆனது. இதன் பரப்பு சுமார் 12,500 ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர். 2006ஆம் ஆண்டு மேற்கு வங்க அரசு இதற்கென்றே ஒரு சட்டம் செய்தது. அப்படியும் குளங்களை மூடும் முயற்சிகள் ஓயவில்லை. கோஷ் 2018ஆம் ஆண்டு இறக்கும் வரை இந்தக் குளங்களுக்காகப் பேசினார். இதைத் தனக்குக் கற்றுத் தந்தவர்கள் அந்த மீனவர்களே என்பதை அவர் மறைத்ததில்லை.

ஒரு குளத்தை மூடினால் மீன் போகும். மீனவர் வேலை போகும். நகரத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய வேறு வழி தேட வேண்டும். அதற்கு ஆலை வேண்டும், மின்சாரம் வேண்டும், பெரும் பணம் வேண்டும்.

தோழர்களே, உங்கள் ஊர்க் குளத்தை ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்கள். ஆகாயத்தாமரை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது? மீன் மேலே வந்து திணறுகிறதா? அந்தக் குளத்துக்கு எந்தச் சாக்கடை வருகிறது? அதில் எந்தப் பட்டறையின் கழிவு கலக்கிறது? பார்த்ததை எழுதி வையுங்கள். அடுத்த கிராம சபையில் அதை எழுந்து நின்று படியுங்கள்.