தொலைக்காட்சி மாஸ்டரில் சூழொலியும் இருவழி ஒலியும்



இலக்கணமும் இலக்கியமும் கேட்டுப் பழகிய இவ்வவைக்கு ஒலிக்கலவை பற்றிய உரை சற்றுப் புறம்பானதாகத் தோன்றக்கூடும். ஆயினும் நம் வீடுகளில் முதியோர் நாள்தோறும் கேட்கும் தமிழில் கணிசமான பங்கு தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்தே வருகிறது. அந்தத் தமிழ் தெளிவாகச் செவி சேர்வதற்கு நடிகரின் நா மட்டும் போதாது. நிலையத்துக்கு இறுதியாக ஒப்படைக்கப்படும் மாஸ்டர் படியில் எந்தத் தடத்தில் எது வைக்கப்பட்டது, எப்படிச் சரிபார்க்கப்பட்டது என்பதும் அதை முடிவு செய்கிறது. இன்று நாம் பேசவிருப்பது இதைத்தான்.

1934இல் பினாங்கு வானொலிச் சங்கம் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் ஒலிபரப்பத் தொடங்கியபோது இச்சிக்கல் எழவில்லை. ஒரே தடம், ஒரே ஒலிபெருக்கி. பேசுபவர் குரல் முன்னால் நின்றது. 1963 டிசம்பரில் நாட்டில் தொலைக்காட்சி வந்தபோதும் நிலைமை பெரிதும் மாறவில்லை. பின்னர் இருவழி ஒலியும் அதன்பின் சூழொலியும் வந்தன. (ஸ்டீரியோ, சரவுண்டு என்பவற்றை இங்கே இவ்வாறு வழங்குகிறோம். கலவைக் கூடத்தில் நாங்கள் இப்படிப் பேசுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே 'ஸ்டீரியோ', 'ஃபைவ் பாயின்ட் ஒன்' என்றுதான் வழக்கு.)

ஐந்து புள்ளி ஒன்று என்னும் அமைப்பில் ஆறு தடங்கள் உள்ளன. முன்னே இடம், வலம், நடு. பக்கவாட்டில் சற்றுப் பின்னே இரண்டு சூழ்தடங்கள். அதிர்வுக்கென ஒரு தாழொலித் தடம். உரையாடல் பெரும்பாலும் நடுத்தடத்தில் நிற்கும். திரையரங்கில் இது மிக அழகாக வேலை செய்கிறது. 1995இல் வந்த 'குருதிப்புனல்' முதல் தமிழ்த் திரைப்படம் இத்துறையில் பின்தங்கியதே இல்லை. 2012இல் 'சிவாஜி' முப்பரிமாண வடிவம் அட்மாஸ் ஒலியோடு வெளிவந்தது. ஆனால் அரங்கில் ஒலியளவு பொறியாளர் அளந்து வைத்தது. வீட்டிலோ பக்கத்து அறையில் குழந்தை உறங்குகிறது, மின்விசிறி சுழல்கிறது, சுவரில் மாட்டிய மெல்லிய பெட்டியின் ஒலிபெருக்கி சுவரைப் பார்த்துப் பேசுகிறது. அரங்குக்கெனக் கலந்ததை அப்படியே வீட்டுக்கு அனுப்பினால் வெடிச்சத்தத்துக்கு ஒலியைக் குறைப்பதும் பேச்சுக்குக் கூட்டுவதுமாக மாலை கழியும்.

பெரும்பாலான வீடுகளில் ஆறு தடங்களைக் கேட்கக் கருவி இல்லை. ஆகவே பெட்டியே ஆறையும் இரண்டாக மடித்துவிடுகிறது. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை இம்மடிப்புக்கு ஒரு கணக்குத் தருகிறது. இடத் தடம் முழுமையாக, நடுத்தடம் 0.707 பங்காக, இடச் சூழ்தடம் 0.707 பங்காகச் சேர்ந்து இடப்பக்க ஒலியாகும், வலப்பக்கமும் அவ்வாறே. தாழொலித் தடம் வழக்கமாக விடப்படும். கணக்கில் குறையில்லை. ஆனால் பின்னாலிருந்து வந்தவரை பேச்சுக்கு இடையூறு செய்யாத ஆரவாரம், மடிந்தபின் பேச்சின் மேலேயே வந்து அமர்ந்துகொள்கிறது.

நம் தண்ணீர்மலைத் தைப்பூசத்தையே எண்ணிப் பாருங்கள். சூழொலிக்கு இதைவிடத் தகுந்த நிகழ்ச்சி இருக்க முடியாது. தேர் வரும் வழியெங்கும் தமிழரும் சீனரும் உடைக்கும் தேங்காய்கள், இடப்பக்கம் உறுமி, பின்னே காவடிக் கூட்டத்தின் வேல் முழக்கம், 513 படிகளில் ஏறுவோரின் காலடி. ஐந்து ஒலிபெருக்கிகளுக்கு நடுவே அமர்ந்து கேட்பவர் சாலையில் நிற்பதாகவே உணர்வார். வருணனையாளர் குரலும் நடுவில் தனித்து ஒலிக்கும். அதையே மடித்துக் கேளுங்கள். தேங்காய் உடைபடும் ஓசையும் முழக்கமும் முன்னே வந்து வருணனையை மூடும். தவிலின் தொப்பிப் பக்க முழக்கத்தைத் தாழொலித் தடத்தில் மட்டும் வைத்திருந்தால் அது காணாமலே போகும். வலந்தலை மட்டும் தகரம்போல் கேட்கும்.

இங்கேதான் மொழி பற்றிய கவலை தொடங்குகிறது. வந்தான், வந்தாள், வந்தார் என்னும் மூன்றையும் பிரிப்பது கடைசி மெய் ஒன்றே. திணை, பால், எண், மரியாதை எல்லாவற்றையும் தமிழ் சொல்லின் ஈற்றில் வைத்திருக்கிறது. பேசுவோர் மூச்சுத் தளரும் இடமும் அந்த ஈறே. இரைச்சல் மேலெழுந்தால் முதலில் மறைவது அதுதான். வலி, வழி, வளி ஆகியவற்றின் வேறுபாடும் அவ்வாறே. மலாய்த் துணைவரி இருக்கிறதே என்று கேட்கலாம். 'டியா' என்னும் மலாய்ச் சொல் அவனையும் அவளையும் ஒருசேரக் குறிக்கும். இழந்த ஈற்றை அது மீட்டுத் தராது. தவிரவும், தமிழ் அறியாதவருக்கு வரி உண்டு. தமிழ் மட்டுமே அறிந்த பாட்டிக்குச் செவியைத் தவிர வேறு துணையில்லை.

ஆகவே இருவழிக் கலவையைச் சூழொலியின் எச்சமாகக் கருதக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அதைத் தனியே கலந்து, சாதாரணத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றில் வீட்டு அளவில் கேட்டு, மாஸ்டரில் அதற்கென இரு தடங்கள் ஒதுக்க வேண்டும். நேரமோ பணமோ இல்லாதபோது மடிப்பையாவது முழுநிகழ்ச்சிக்கும் கேட்டுத் தீர வேண்டும். சில தயாரிப்பாளர்கள் இதற்கு நேர்மாறாக, இருவழிக் கலவையை ஒரு மென்பொருளில் இட்டு ஆறு தடங்களாக விரித்து 'சூழொலி' என்று ஒப்படைக்கிறார்கள். படிவத்தில் ஒரு கட்டம் நிரம்பும். வேறு பயன் எதையும் நாங்கள் கண்டதில்லை.

ஒலியுரப்பு அளவீடு இதற்கெல்லாம் தீர்வாகாதா? ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் நிகழ்ச்சியின் சராசரி உரப்பை -23 எல்யூஎஃப்எஸ் என வரையறுத்தது. அமெரிக்க வழக்கு -24. விளம்பரம் அலறுவதை இது அடக்கியது, உண்மையே. ஆயினும் இக்கருவி சராசரியை அளக்கிறது. பேச்சு தாழ்ந்தும் இசை உயர்ந்தும் உள்ள நாடகம் இவ்வெண்ணில் துல்லியமாக நின்று தேர்ச்சி பெறலாம். தாழொலித் தடத்தை அது கணக்கில் கொள்வதே இல்லை.

தடங்களின் வரிசை இன்னொரு வலை. ஒளிபரப்பில் இடம், வலம், நடு, தாழொலி, இரு சூழ்தடங்கள் என்பது பரவலான வரிசை. திரைப்படக் கூடங்களில் இடம், நடு, வலம், இரு சூழ்தடங்கள், இறுதியில் தாழொலி. பெயரிடாத கோப்பு ஒன்று முறை மாறி வாசிக்கப்பட்டால் நடுத்தடம் வலத்தில் போய் உட்காரும். எங்களிடம் திருத்தத்துக்கு வந்த ஒரு குடும்ப நாடகத்தில் அனைவரும் வலப்பக்கச் சுவருக்குள்ளிருந்து பேசினார்கள். இடச் சூழ்தடம் தாழொலியின் இடத்தில் சிக்கி மடிப்பில் மறைந்தே போனது. அனுப்பிய அலுவலகத்தில் மடிக்கணினியின் ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறார்கள். வேண்டியிருந்தது ஒரு தாள்: எந்தத் தடத்தில் எது என்று எழுதிய தாள்.

எச்டிகேம் நாடாவில் நான்கே ஒலித்தடங்கள் இருந்த காலத்தில் ஆறையும் இரண்டுக்குள் அடக்க டால்பி ஈ பயன்பட்டது. அதைக் கட்டுவதற்கு ஒரு படச்சட்ட நேரம், அவிழ்க்க இன்னொன்று. நொடிக்கு 25 சட்டம் ஓடும் நம் முறையில் ஒவ்வொன்றும் 40 மில்லிநொடி. இதை முன்கூட்டிக் கழிக்காவிட்டால் ஒலி பிந்தும், இருமுறை கழித்தால் முந்தும். முந்துவதையே மனிதர் விரைவில் உணர்கிறார்கள்; இடி மின்னலுக்குப் பின் வருவது உலக இயல்பு அல்லவா.

அதே 25 சட்டம் பாட்டையும் தொடுகிறது. நொடிக்கு 24 சட்டமாக எடுத்த திரைப்படத்தை 25ஆக ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். சுருதி ஒரு சுரத்தானத்தின் பத்தில் ஏழு பங்கு ஏறிவிடும். இசைத்தட்டில் கேட்ட பாட்டுக்கும் தொலைக்காட்சியில் கேட்பதற்கும் ஒத்துப் பாட முடியவில்லை என்று பழைய ரசிகர்கள் சொன்னது வெறும் பிரமையன்று. சுருதியைத் திருத்தும் கருவி உண்டு, கேட்டால்தான் செய்வார்கள்.

இறுதியாக, பேச்சு நீக்கிய தடம். இசையும் பின்னொலியும் மட்டும் கொண்ட கலவை மாஸ்டரோடு சேராவிட்டால், அந்நிகழ்ச்சியை வேற்றுமொழியில் குரல்மாற்றும்போது மழையும் கதவும் வீணையும் பேச்சோடு சேர்ந்து அழிந்துவிடும். மலாய்ப் படைப்பு தமிழுக்கு வருவதற்கும், நம் நாடகம் மலாய்க்கோ சீனத்துக்கோ செல்வதற்கும் இத்தடமே கதவு. எட்டுத் தடக் கோப்பில் இருவழிக் கலவை இரண்டையும் சூழொலி ஆறையும் எடுத்துக்கொண்டால் இதற்கு இடமில்லை. அப்போது தனிக்கோப்பாக, அதே தொடக்க நேரக்குறியோடு, தனிப்பெயரிட்டுக் கேட்டுப் பெறுங்கள். படப்பிடிப்பு தொடங்குமுன் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது; கலவை முடிந்து கணினியிலிருந்து பகுதிகள் அழிக்கப்பட்டபின் எவரும் அதை உண்டாக்கித் தர இயலாது.